முற்றத்துல பேவர் பிளாக் போட்டு மேல ஷீட் போட்டுடலாமா?

பிப்ரவரி 11, 2024 – கேள்வி

எங்க பசங்க படிக்கிற ஸ்கூல் சிட்டிக்குள்ள, நூறு வருஷத்துப் பழைய பில்டிங். ரெண்டு பக்கமும் கடை, நடுவுல ரெண்டு முற்றம். இந்த லீவுல வேலை எடுக்கறாங்க. பேரன்ட்ஸ் மீட்டிங்ல பேசி முடிச்சது: ரெண்டு முற்றத்துலயும் பேவர் பிளாக், மேல ஷீட், மிச்ச காசுல கிளாஸுக்கு டைல்ஸ். சேறு, தூசி, கொசு எல்லாத்துக்கும் ஒரே வைத்தியம்னு எடுத்துச் சொன்னதே நான்தான். இதுல தப்பு ஏதும் இருக்கா?

பிப்ரவரி 11, ராத்திரி

இருக்கு சார். அதே தப்ப பண்ணவன் சொல்றேன்.

நான் இருபத்தஞ்சு வருஷமா சைட் வேலை. வடசென்னையில நான் படிச்ச ஸ்கூலுக்கு 2014ல பழைய மாணவர்கள் சார்பா முற்றத்துக்கு பேவர் பிளாக் போட்டுக் கொடுத்தவன் நானேதான். ரிப்பன் வெட்டி போட்டோ எல்லாம் எடுத்தோம். முற்றத்துல ஒரு வேப்பமரம், அதோட அடியில ஒரு முழம் இடம் கூட விடாம தண்டு வரைக்கும் பிளாக்க நெருக்கி போட்டோம், நீட்டா இருக்கும்னு. 2016 டிசம்பர்ல வர்தா வந்தப்போ தெருவுல இருந்த தூங்குமூஞ்சி மரமெல்லாம் சாஞ்சுது, இந்த வேம்பு மட்டும் நின்னுச்சு, எனக்கு பெருமை. அப்புறம் ரெண்டு வருஷத்துல உச்சியிலேர்ந்து காய ஆரம்பிச்சுது. தண்ணி போக வழியில்ல, காத்து போக வழியில்ல, காயாம என்ன பண்ணும். இப்போ பாதி மரம்தான் உயிரோட இருக்கு.

இந்த லீவுல அதே ஸ்கூல்ல அதே பிளாக்க நானே பேத்து எடுக்கப் போறேன். அதனால உங்க கேள்வி சரியான நேரத்துல வந்திருக்கு. வேலை நடக்க நடக்க எழுதறேன்.

பிப்ரவரி 12

ஷீட் பத்தி சொல்ல மறந்துட்டேன். வேணாம்.

முற்றம்ங்கறது சும்மா விட்ட காலி இடம் இல்ல, சுத்தியிருக்கிற கிளாஸோட ஜன்னல் அது. அத மூடினா பகல்லயே டியூப்லைட் போடணும், சூடு மேல போக வழியில்லாம தாழ்வாரத்துலயே நிக்கும். மழை பெஞ்சா தகரத்துல விழற சத்தத்துல டீச்சர் போர்டுல எழுதிக் காட்டிதான் பாடம் எடுக்கணும். வாத்தியாருக்கு தொண்டை கட்டினா யார் பொறுப்பு?

பிப்ரவரி 25

மேல ஒரு தம்பி "நூறு வருஷ பில்டிங்க ரிப்பேர் பண்றதே வேஸ்ட், இடிச்சுட்டு கட்டுங்க"ன்னு எழுதியிருக்கார். அந்த பயம் நியாயம்தான் தம்பி. 2021 டிசம்பர்ல திருநெல்வேலியில பாத்ரூம் சுவர் விழுந்து மூணு பசங்க செத்ததுக்கு அப்புறம்தான் ஊர் ஊரா பழைய ஸ்கூல் கட்டடங்கள கணக்கெடுத்து இடிச்சாங்க. ஆனா விழறது பழசா இருக்கறதால மட்டும் இல்ல. அஸ்திவாரம் சரியில்லாத சின்ன சுவர் விழும், ஒன்றரை அடி சுண்ணாம்புச் சுவர் பாட்டுக்கு நிக்கும். தட்டிப் பாக்காம தீர்ப்பு சொல்லக்கூடாது.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, அதத்தான் பண்ணோம். எங்களது மெட்ராஸ் டெரஸ் கூரை. தெரியாதவங்களுக்கு: தேக்கு உத்திரம், அது மேல வரிசையா கட்டை, கட்டைக்கு மேல சின்ன மெல்லிசு செங்கல்ல சுண்ணாம்புல குறுக்கா குத்துக்கல்லா நிக்க வச்சு, அதுக்கு மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு கான்கிரீட், கடைசியா தட்டோடு. கம்பியே கிடையாது. ஏணி போட்டு ஒவ்வொரு கட்டையோட நுனியிலயும், அதாவது சுவருக்குள்ள போற இடத்துல, ஸ்க்ரூடிரைவர வச்சு குத்திக்கிட்டே போனேன். கட்டை நடுவுல கணீர்னு இருக்கும், வியாதி எல்லாம் நுனியிலதான். முப்பத்தாறு கட்டையில அஞ்சுல ஸ்க்ரூடிரைவர் வெண்ணெயில போற மாதிரி கைப்பிடி வரைக்கும் போச்சு. அஞ்சும் ஒரே மூலை. வெளிய போய் பாத்தா அந்த மூலையில மழைத்தண்ணி பைப் உடைஞ்சு எத்தனையோ வருஷமா சுவத்துலயே வழிஞ்சிருக்கு. முந்நூறு ரூபா பைப்.

மாடியில இன்னொரு கூத்து. ஒழுகுதுன்னு ஒவ்வொரு தடவையும் பழச எடுக்காம அது மேலயே புதுசு போட்டிருக்காங்க. வெட்டிப் பாத்தா தட்டோடு, அதுக்கு மேல சுர்க்கி (செங்கல் பொடி கலந்த சுண்ணாம்பு), மறுபடி தட்டோடு, அதுக்கு மேல சிமென்ட் போட்டு வெள்ளை டைல்ஸ். ஒரு தலையில மூணு தலப்பா. அந்த வெயிட்ட இறக்கினாலே பில்டிங் பாதி பிழைச்சுடும்.

மார்ச் 10

டைல்ஸ் கேட்டீங்களே சார், அதுக்கு முன்னாடி சுவத்தப் பாருங்க. கீழே மூணடிக்கு பெயின்ட் பொரிஞ்சு உப்பு பூத்திருந்தா அது பெயின்ட் குறை இல்ல. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடற சுவர், ஈரம் ஏறினாலும் தானா வெளிய போயிடும். அது மேல சிமென்ட் பூச்ச போட்டு அடைச்சா ஈரம் உள்ளயே நிக்கும். எங்க ஸ்கூல்ல தொண்ணூறுகள்ல சிமென்ட் பூசினாங்க, அன்னிலேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பெயின்ட் செலவு. இப்போ அத கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்புலயே பூசறோம். கடுக்காய் ஊறவச்ச தண்ணி, வெல்லம் எல்லாம் போட்டு அரைக்கத் தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர காரைக்குடி பக்கத்துலேர்ந்து கூட்டிட்டு வந்தோம். கூலி ஜாஸ்தி. காயற வரைக்கும் பொறுமை அதவிட ஜாஸ்தி வேணும்.

வேற ஒரு விஷயம், இது எனக்கே குழப்பமா இருக்கு. நான் படிக்கும்போது தாழ்வாரத்துலேர்ந்து முற்றத்துக்கு இறங்க மூணு படி. நல்லா ஞாபகம் இருக்கு, நடுப்படியில உக்காந்துதான் சத்துணவு சாப்பிடுவோம். இப்போ ஒரே படி, அதுவும் நாலு இஞ்சுதான் இருக்கும். ஹெச்.எம். மேடம் சிரிக்கறாங்க, "சின்ன வயசுல எல்லாம் பெருசாத்தான் தெரியும் சார்"னு.

ஏப்ரல் 7

வேலை ஆரம்பிக்கல. 19ம் தேதி ஓட்டு, ஸ்கூல்தான் பூத். அதுவரைக்கும் முற்றத்துல ஒரு குழி கூட தோண்டக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. ஒரு நல்லது, வீல்சேர் வர்றதுக்கு சாய்தளம் இருக்கான்னு பாக்க ஆள் வந்தாங்க. ஒண்ணு இருக்கு, ஆனா சறுக்குமரம் மாதிரி செங்குத்தா இருக்கு. ஒரு அடி ஏற பன்னெண்டு அடி நீளம் விடணும், எங்களோடது அஞ்சடியில ஏறுது. பிளானுக்குள்ள அதையும் சேத்தாச்சு. ஓட்டு போடற ஒரு நாளைக்காக மட்டும் நமக்கு இது ஞாபகம் வருது பாருங்க.

ஏப்ரல் 28

பிளாக் பேத்தாச்சு. அடியில எம்-சாண்ட் (கல்லு உடைச்ச மணல்), அதுக்கு அடியில பழைய சிமென்ட் தரை, அதுக்கு அடியில ஒரு ஜல்லி பெட், அதுக்கும் அடியில இன்னொரு தரை. தெருவுக்கு ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு ஏறிச்சு, தண்ணி உள்ள வந்துச்சு, அதுக்காக முற்றத்த ஏத்தினாங்க, அப்புறம் முற்றத்து தண்ணி கிளாஸுக்குள்ள போச்சு. 2015 வெள்ளத்துல ஒண்ணாங்கிளாஸ்ல முழங்கால் அளவு நின்னுச்சு, எல்லாரும் வெள்ளத்த திட்டினோம். கிளாஸ் தரையவிட முற்றம் எவ்ளோ உயரம்னு லெவல் டியூப் வச்சு யாரும் பாக்கல. நானும் பாக்கல, 2014ல நாலு இஞ்சு ஏத்தினதே நான்.

மே 3

படி கிடைச்சுடுச்சு!! ரெண்டு. கருங்கல்லு, ஓரமெல்லாம் தேஞ்சு, நடுப்படியில யாரோ ஆணியால ஆடுபுலி ஆட்டக் கட்டம் கீறி வச்சிருக்காங்க. மேடத்த கூப்பிட்டு காட்டினேன். ஒண்ணும் பேசல, செருப்ப கழட்டிட்டு இறங்கி அந்தப் படியில ஒரு நிமிஷம் உக்காந்து பாத்தாங்க.

கூடவே வடகிழக்கு மூலையில ஒரு சிலாப், தட்டினா டொக் டொக்னு சத்தம். தூக்கினா உறைக்கிணறு. குப்பை, செங்கல், மூணு ரப்பர் பந்து, ஒரு எவர்சில்வர் டம்ளர். முப்பது அடி ஆழம், அடியில தண்ணி கொஞ்சம் இருக்கு.

திருத்தம் (அதே நாள்): மேல "ரெண்டு படி"ன்னு எழுதினது தப்பு, ஒன்றரைதான். கீழ்ப்படி பாதிதான் வெளிய தெரியுது, மீதிய தோண்டினா வேப்பமர வேர் அறுபடும். வேர விட்டுட்டோம்.

மே 9

கிணத்த மூடிடுங்கன்னு நாலு பேர் எழுதியிருக்கீங்க. பசங்க விழுவாங்க, கொசு வரும். ரெண்டும் சரி. கைப்பிடிச் சுவர் மூணரை அடிக்கு ஏத்தி, மேல இரும்பு கிரில் பூட்டோட, அதுக்கு அடியில கொசுவலை. மாடித் தண்ணி முழுக்க கூழாங்கல்லு மணல் போட்ட ஒரு வடிகட்டித் தொட்டி வழியா அதுல இறங்கப் போகுது. 2003ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் வந்தப்போ எங்க ஸ்கூல்லயும் ஒரு குழி தோண்டி பைப் இறக்கியிருக்காங்க, இப்போ தோண்டிப் பாத்தா பைப்போட மறுமுனை மண்ணுக்குள்ள முட்டிட்டு நிக்குது, குழிக்கும் அதுக்கும் ஆறடி தூரம். சர்டிபிகேட் மட்டும் பத்திரமா ஃபைல்ல இருக்கு.

இன்னொருத்தர் "வெளிநாட்டுல யாராவது நல்லா இருக்கிற தரைய பேத்துட்டு மண்ண போடறாங்களா"ன்னு கேட்டிருக்கார். போடறாங்க சார். பாரிஸ்ல. 2003 கோடையில வெயிலுக்கு ஃப்ரான்ஸ்ல 15,000 பேர் கிட்ட செத்தாங்க, அதுக்கப்புறம் யோசிச்சு பாத்ததுல சிட்டிக்குள்ள கவர்மென்ட் கையில இருக்கிற பெரிய காலி இடம் ஸ்கூல் மைதானம்தான், எல்லாம் கூட்டினா 70 ஹெக்டேருக்கு மேல, பெரும்பாலும் தார் போட்ட தரை. 2018ல மூணு ஸ்கூல்ல ஆரம்பிச்சாங்க, தார பேத்து மண், மரத்துண்டு, மரம், நிழல். பேரு ஒயாசிஸ் முற்றம். எனக்கு பிடிச்சது ரெண்டு விஷயம், பசங்ககிட்டயே கேட்டு பிளான் போட்டது, லீவு நாள்ல பல முற்றங்கள அக்கம்பக்கத்து ஜனங்களுக்கு திறந்து விட்டது. அந்த மரத்துண்டு மட்டும் நமக்கு ஒத்துவராது, ஒரு மழைக்காலம் போதும், கரையான் விருந்து.

அதே ஃப்ரான்ஸோட வளர்ச்சி வங்கி ஏ.எஃப்.டி. கடன் கொடுத்த, மத்திய அரசோட சிட்டீஸ் திட்டத்துலதான் நம்ம சென்னை மாநகராட்சியும் 28 ஸ்கூல் எடுத்து செஞ்சுது. அதனால இது நம்மளுக்கு சம்பந்தமில்லாத கதை ஒண்ணும் இல்ல.

மே 19

பிளான் போடறதுக்கு முன்னாடி மார்ச்ல ஒரு வேலை பண்ணேன், அத எழுதாம விட்டுட்டேன். மூணு நாள் இன்டர்வெல் நேரத்துல மாடி வராண்டாவுல நின்னு முற்றத்துல யார் எங்க நிக்கறாங்கன்னு பேப்பர்ல புள்ளி வச்சேன், பையன் கறுப்பு, பொண்ணு சிவப்பு. நடுவுல முழுக்க கறுப்பு, பத்து பதினஞ்சு பேர் கிரிக்கெட். சிவப்பு எல்லாம் சுவர் ஓரம், தண்ணிக் குழாய் பக்கம், மாடிப்படி அடியில. முற்றத்துல முக்கால்வாசி இடத்த பதினஞ்சு பேர் வச்சிருக்காங்க, மிச்சம் இருநூறு பேர் ஓரத்துல ஒண்டிட்டு நிக்கறாங்க. பாரிஸ்லயும் இதே பிரச்னையாம், நடுவுல ஃபுட்பால் கோடு போட்டா பொண்ணுங்க ஓரத்துக்கு போயிடறாங்கன்னு. நான் படிச்ச காலத்துலயும் இப்படித்தான் இருந்திருக்கும். அப்போ நான் கிரிக்கெட் ஆடறவன், கண்ணுல படல.

அதனால நடுவுல பெரிய மைதானம்ங்கற எண்ணத்தையே விட்டாச்சு. கிரிக்கெட்ட பின் முற்றத்துக்கு தள்ளியாச்சு. முன் முற்றத்துல வேப்பமரத்த சுத்தி வட்டத் திண்ணை, உக்காருற உயரம் ரெண்டு தினுசு, ஒண்ணாங்கிளாஸ் குழந்தைக்கு ஒம்பது இஞ்சு, பெரிய பசங்களுக்கு பதினாறு. முதல்ல எல்லாம் பதினாறுன்னுதான் போட்டேன், குட்டிப் பசங்களுக்கு கால் தொங்கும்னு சித்தாள் அக்கா ஒருத்தங்கதான் சொன்னாங்க.

சமையல் ஷெட்டு இதுவரைக்கும் மாடிப்படிய ஒட்டி இருந்துச்சு, அத பின்பக்க மதிலுக்கு மாத்தியாச்சு. 2004 ஜூலை 16 கும்பகோணம், 94 குழந்தைங்க. சமையல் தீ, கூரை, வெளிய வர வழி ஒண்ணு, அதுவும் குறுகல். அதுக்கு மேல இதப் பத்தி பேச ஒண்ணுமில்ல. தாழ்வாரத்துல பூட்டு போட்ட கிரில் கேட் ரெண்டும் கழட்டியாச்சு, திருடன் வருவான்னு சொன்னவங்களுக்கு வாட்ச்மேன் வச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன்.

ஜூன் 12

திங்கக்கிழமை ஸ்கூல் திறந்தாச்சு. 6ம் தேதி திறக்க வேண்டியது, வெயில்னு 10க்கு தள்ளினது எங்களுக்கு உயிர் கொடுத்துச்சு, திண்ணை பூச்சு அதுக்குள்ள காஞ்சுது. போன வருஷமும் இதே வெயிலுக்குத்தான் 12, 14னு தள்ளினாங்க. வருஷா வருஷம் தேதிய தள்ளறோம்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு அந்த துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர வச்சு பாத்தேன். பேத்து அடுக்கி வச்ச பேவர் பிளாக் 56 டிகிரி, திறந்த மண்ணு 47, வேம்பு அடியில மண்ணு 35. அஞ்சே தப்படி தூரம்.

ஜூன் 30

இப்போ கொஞ்சம் வாய மூடிட்டு கேக்கணும் நான். ரெண்டு நல்ல மழை பெஞ்சுது, கிளாஸெல்லாம் சேறு. பெருக்கற ஆயா என்ன பாத்து, "நீ மண்ணு போட்டுட்டு போயிட்டப்பா, ஒரு நாளைக்கு மூணு தடவை தொடைக்கறது நானு"ன்னாங்க. பதில் இல்ல என்கிட்ட. பிப்ரவரியில பேவர் பிளாக் போட்டதே தப்புன்னு வீரமா எழுதினேன், அத வாபஸ் வாங்கறேன். முழுக்க மண்ணு விட்டது என் வறட்டுப் பிடிவாதம். கேட்லேர்ந்து கிளாஸுக்கும் குழாய்க்கும் பாத்ரூமுக்கும் பசங்க நடக்கற பாதை, பிரேயர் நிக்கற இடம், இதுக்கெல்லாம் கெட்டித் தரை வேணும். பேத்து அடுக்கி வச்ச அதே பிளாக்க, நடுவுல விரல் அகலம் இடைவெளி விட்டு மணல் நிரப்பி போட்டோம். மொத்தத்துல மூணுல ஒரு பங்கு ஆச்சு. தாழ்வார வாசல்ல கால் தட்ட இரும்பு கம்பித் தட்டி. ஆயாகிட்ட அப்புறம் கேட்டேன், "முன்னவிட பரவால்ல"ன்னாங்க. சர்டிபிகேட்னா இதுதான்.

நட்டது: ரெண்டு புங்கை, ஒரு மகிழம், பின்னாடி பூவரசு. நாவல் வேணாம்னு மேடம் சொல்லிட்டாங்க, யூனிஃபார்ம் வெள்ளை சட்டை. தட்டு கழுவற தண்ணி போற இடத்துல வாழையும் கல்வாழையும்.

செப்டம்பர் 8

கேள்வி கேட்ட சார் தனியா எழுதியிருந்தார். அவங்க ஸ்கூல்ல கமிட்டி ஒத்துக்கல, ஒரு முற்றத்துல ஷீட் போட்டுட்டாங்க, இன்னொண்ணுல எப்படியோ சண்டை போட்டு மண்ணு விட வச்சிருக்கார். ஷீட்டுக்கு அடியில மூணாங்கிளாஸ் டீச்சர் மழை வந்தா பாடத்த நிறுத்திட்டு கதைப் புத்தகம் கொடுத்துடறாங்களாம், பசங்க மழைக்கு வேண்டிக்கறாங்களாம். சார், முழுசா பிரிக்க வேணாம், நடுவுல ரெண்டு வரிசை ஷீட்ட மட்டும் கழட்டி ஓட்டுக்கு மேல ஓடு மாதிரி ஒண்ணரை அடி உசத்தி போடச் சொல்லுங்க, வெல்டருக்கு ரெண்டு நாள் வேலை. சூடு வெளிய போகும். சத்தத்துக்கு வழி இல்ல.

அக்டோபர் 17

செவ்வாய், புதன் ரெண்டு நாளும் சென்னைக்கு லீவு, ரெட் அலர்ட். புதன்கிழமை காலையில குடையோட போய் நின்னேன், இத பாக்கத்தான் எட்டு மாசம். மாடித் தண்ணி தொட்டிக்கு வந்துச்சு, தொட்டியிலேர்ந்து கிணத்துக்கு போச்சு. கிளாஸுக்குள்ள சொட்டு இல்ல. முன் முற்றத்துல ஒரு மணி நேரம் கணுக்கால் அளவு நின்னு அப்புறம் இறங்கிடுச்சு. பின் முற்றம் கிரிக்கெட் பிட்ச்ல மட்டும் இன்னும் குளம், அங்க பசங்க மிதிச்சு மிதிச்சு மண்ணு சிமென்ட் மாதிரி இறுகிப் போயிருக்கு. கடப்பாரை போட்டு கிளறி மணல் கலக்கணும்.

ஸ்க்ரூடிரைவர் இறங்கின அஞ்சு கட்டைய பத்தி ஒருத்தர் கேட்டிருந்தார். அழுகின நுனிய வெட்டிட்டு ரெண்டு பக்கமும் சி-சேனல் (சி வடிவ இரும்பு) வச்சு போல்ட் போட்டோம். புது மழைத்தண்ணி பைப் சுவத்தத் தொடாம ரெண்டு இஞ்சு தள்ளி.

டிசம்பர் 2

ஃபெஞ்சல் புயல் போயாச்சு. புங்கை ஒண்ணு சாஞ்சுது, குச்சி கட்டி நிமித்தியாச்சு. வேம்புல வடக்குப் பக்கம், காஞ்சுபோச்சுன்னு நான் வெட்டச் சொன்ன கிளையில, துளிர் வந்திருக்கு. நல்லவேளை வெட்டற ஆள் வரல.

கிணத்துல கயித்துல கல்லு கட்டி, அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, தினமும் தண்ணிய அளந்து எழுதற வேலைய ஏழாங்கிளாஸ் பசங்ககிட்ட விட்டிருந்தோம். இன்னிக்கு நோட்ட வாங்கிப் பாத்தேன். மே மாசம் அடியில ரெண்டு அடி இருந்தது, நவம்பர் 28ல 17. புயல் கரைய கடந்த 30ம் தேதி எவ்ளோ ஏறிச்சுன்னு பாக்கணும்னு ஆசையா பக்கத்த திருப்பினா காலி. கேட்டா, "சார், அன்னிக்கு லீவு விட்டுட்டாங்க."